வேலைக்கு நடுவே ஐந்து நிமிட ஆட்டம்: இராமநாதபுரம் கடலோரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கீழக்கரையில் வங்கி வேலை, தொண்டியில் பள்ளிக்கூட வேலை, மண்டபத்தில் மீன் கம்பெனிக் கணக்கு, இராமேஸ்வரத்தில் சங்குக் கடை, தங்கச்சிமடத்தில் வாடகை வீடு எடுத்து லேப்டாப்பில் சென்னைக் கம்பெனி வேலை. இப்படி எதற்காகவோ இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். முதல் மாதம் கடலைப் பார்த்தே பொழுது போய்விடும். இரண்டாவது மாதம்தான் மத்தியானம் இரண்டரை மணி எப்படிப்பட்டது என்று பிடிபடும். கண் திறந்திருக்கும், கை பேனா பிடித்திருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார்.

இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சட்டென்று காயாது, அது காயாவிட்டால் உடம்புச் சூடும் இறங்காது. போதாததற்கு, பிற்பகலில் ஒரு மந்தம் வருவது உடம்புக்குள் ஓடும் கடிகாரத்திலேயே இருக்கிறது. சோறு சாப்பிடாதவருக்கும் அது வரும். மீன் குழம்பு ஊற்றி ஒரு பிடி கூடவே பிடித்தவருக்கு இன்னும் கொஞ்சம் பலமாக வரும்.

அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது இரண்டு காரியம்: ஒரு டீ, கையில் போன். டீயைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. போனை ஓய்வுக் கணக்கில் சேர்க்கத்தான் மனம் வரவில்லை. அதுவரை திரையைப் பார்த்த கண் இன்னும் சின்னத் திரையைப் பார்க்கிறது, குனிந்திருந்த கழுத்து இன்னும் குனிகிறது. அதற்கு முடிவும் கிடையாது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கும். ஐந்து நிமிடம் என்று எடுத்தவர் இருபது நிமிடம் கழித்து, கொஞ்சம் குற்ற உணர்வோடும் கூடுதல் களைப்போடும் நிமிர்வார்.

நான் சொல்லப்போவது விளையாட்டு. ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. எப்படி ஆரம்பிப்பது, எதை ஆடுவது, எப்படி முடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2022ஆம் ஆண்டு பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழில், பத்து நிமிடத்துக்கு உட்பட்ட குட்டி இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. களைப்பு குறைகிறது, தெம்பு கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. வேலை நன்றாக நடக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் மொத்தத்தில் உறுதியான பதில் கிடைக்கவில்லை. மூளையைக் கசக்கும் வேலை என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வு தேவைப்படலாம் என்றார்கள். ஆகவே ஜிஎஸ்டி கணக்கு முடிக்கிற நாளில் ஐந்து நிமிடம் சொட்டாங்கல் ஆடினால் கணக்கு தானாக டேலி ஆகிவிடாது. ஆடியவர் பக்கத்து சீட்டுக்காரர் மேல் எரிந்து விழாமல் இருப்பார். எனக்கு அதுவே போதும்.

முதல் படி: களைத்தது எது என்று பாருங்கள்

எழுந்திருக்கும் முன் பத்து விநாடி யோசியுங்கள். கண்ணா, இடுப்பா, காலா, தொண்டையா? எல்லாம் சேர்ந்து களைத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் கவனித்தால் ஒன்றுதான் மற்றதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். வேலையில் எது ஓடியதோ அது நிற்க வேண்டும், எது நின்றதோ அது ஓட வேண்டும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும். இதைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

திரை பார்க்கிறவர்களுக்குக் கண்தான் முதலில் போகும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைந்து கண் காய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பதையே பார்ப்பதால் கண்ணுக்குள் இருக்கும் தசை இறுக்கமாகவே நிற்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கும் ஒன்றை, இருபது விநாடி பார் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இருபது அடி என்பது ஏறக்குறைய ஆறு மீட்டர். இந்தக் கரையில் ஆறு மீட்டருக்குப் பஞ்சமே இல்லை. மொட்டை மாடிக்குப் போனால் அடிவானம் வரை கிடக்கிறது.

சங்குக் கடை, ஜவுளிக் கடை, மளிகைக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால். அவர்களிடம் போய் நொண்டி விளையாடச் சொன்னால் அடிக்க வருவார்கள், வரவும் வேண்டும். அவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டம்தான் சரி. இந்த இடத்தில் ஒரு தகவல்: கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதாகாது.

வாத்தியார், டீச்சர் என்றால் தொண்டை. பேசாமல் ஆடும் ஆட்டம் வேண்டும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் வேலை என்றால், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலே கண்ணைக் கொன்றுவிடும். நிழலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஆட்டம்தான் அங்கே ஆட்டம்.

இரண்டாம் படி: எழுந்திருக்கும் நேரத்தை வேலையிடமே கேளுங்கள்

மண்டபம் கரையில் வலை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கிழிசலை முடிவார்கள். கையில் இருக்கும் வலை ஊசியில் நூல் சுற்றியிருக்கும். அது தீர்ந்தால் மறுபடி சுற்ற வேண்டும். ஒரு குழுவில் வயதான ஒருவர், தன் ஊசி காலியானதும் சொல்வார்:

"நூல் தீந்துருச்சு, எந்திரிங்கப்பா."

மற்றவர்கள் ஊசியில் நூல் இருந்தாலும் எழுந்துவிடுவார்கள். அவர் நிழலில் நின்று நூல் சுற்ற, இளசுகள் பழைய மிதவைகளை எடுத்து, பத்தடி தள்ளி வைத்த மீன் பெட்டிக்குள் எறிவார்கள். ஆளுக்கு ஐந்து எறி. விழுந்தால் கூச்சல், விழாவிட்டால் அதைவிடப் பெரிய கூச்சல். நூல் சுற்றி முடிந்ததும் அவர் உட்காருவார், எல்லோரும் உட்காருவார்கள். கடிகாரம் பார்த்தவர் யாரும் இல்லை.

உங்கள் வேலையிலும் இப்படி நூல் தீரும் இடம் இருக்கும். ஒரு கட்டு பில் பதிந்து முடித்த இடம், ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உள்ள இடம், ஐஸ் லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் உள்ள இடம். அங்கே எழுந்திருங்கள்.

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்து, 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று ஒரு முறையை உருவாக்கினார். உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு நல்லது. கணக்கு எழுதுகிற எனக்கு, ஒரு பக்கத்தின் கூட்டல் பாதியில் இருக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் இல்லாமலே நேரம் சொல்லும் விஷயங்கள் இந்தக் கரையில் நிறைய. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு, கேட்டால் பிற்பகல் மந்தம் முடியும் நேரம் என்று அர்த்தம். தொழப் போகிறவர்கள் எழுந்து போவார்கள். மற்றவர்களும் அந்த நேரத்தில் எழுந்து கை காலை நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பாம்பனில் இருப்பவர்களுக்கு ரயில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுந்து போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில், திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியதை எழுதி, மேஜை மேல் பேப்பர் வெயிட்டின் கீழ் வையுங்கள். "47வது பில்லிலிருந்து" என்று இரண்டு சொல் போதும். இங்கே காற்று பலம், பேப்பர் வெயிட் இல்லாவிட்டால் சீட்டு உங்களுக்கு முன்னால் கடலுக்குப் போய்விடும். இந்தச் சீட்டு இல்லாமல் போனால் ஆடிக்கொண்டிருக்கும்போது மனம் பில்லிலேயே இருக்கும், திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஓய்வின் பாதிப் பலன் போகும்.

மூன்றாம் படி: ஆட்டத்துக்கு மூன்று நிபந்தனை

தானாக முடிய வேண்டும். சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும், அல்லது சாமானே வேண்டாததாக இருக்க வேண்டும். தோற்றால் எதுவும் போகக் கூடாது.

மூன்றாவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டீக்குப் பந்தயம் கட்டுவது சின்ன விஷயமாகத்தான் தெரியும். டீ வடையாகும், வடை பிரியாணியாகும், அப்புறம் ஒருவர் ஆட்டத்துக்கே வர மாட்டார்.

முதல் நிபந்தனையால் நல்ல ஆட்டங்கள் சில அடிபட்டுப் போகின்றன. தாயம் அருமையான ஆட்டம், ஆனால் வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்கி, தாயம் விழக் காத்திருந்து, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேரம் போர்டு இருக்கும் அலுவலகத்தில் வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

ஆடுபுலி ஆட்டமும் நீளம்தான். அதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. 23 புள்ளி உள்ள கட்டத்தை ஒரு அட்டையில் வரைந்து, மூன்று புலிக்கு மூன்று புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குப் பதினைந்து சட்டைப் பொத்தான் என்று எடுத்து, அலுவலகத்தில் யார் கையும் படாத ஒரு மூலையில் வையுங்கள். ஓர் இடைவேளைக்கு ஆளுக்கு ஒரு நகர்த்தல், அவ்வளவுதான். ஆட்டம் நாள்கணக்கில் ஓடும். புலிக்காரர் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அந்த மூலையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓய்வு நேரத்துக்கு எழுந்திருக்க வைக்க இதைவிட நல்ல கொக்கி கிடையாது.

நான்காம் படி: ஆடுங்கள்

*சொட்டாங்கல்.* தட்டாங்கல், அஞ்சாங்கல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். திரை, பேனா, கேஷ் கவுண்டர் இவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஐந்து கல்லையும் தரையில் சிதற விடுங்கள். ஒன்றை எடுத்து மேலே போடுங்கள். அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கும் இன்னொன்றை வாரி, அதே கையால் மேலே போனதையும் பிடிக்க வேண்டும். மிச்ச நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்தால் முதல் சுற்று முடிந்தது. அடுத்தது இரண்டிரண்டாக. அப்புறம் மூன்றும் ஒன்றுமாக. கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். வாரும்போது பக்கத்துக் கல் அசைந்தால் அவுட்.

பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஆடிப் பாருங்கள். மவுஸைப் பிடித்தே வளைந்துபோன விரல்கள் விரியும். மேலே போகும் கல்லைத் தொடர்ந்து கண்ணும் கழுத்தும் நிமிரும். கல் மேலே இருக்கும் அந்த அரை விநாடியில் அக்கவுண்டும் ஆடிட்டரும் நினைவுக்கு வரவே முடியாது. வந்தால் கல் விழுந்துவிடும். மூன்றாம் சுற்றில்தான் பெரும்பாலும் கை தடுமாறும். அவுட் ஆனதும் எழுந்து போய்விடுங்கள், ஆட்டம் தானாக முடிந்துவிட்டது.

கல்லுக்கு எங்கே போவது? இது மணல் பூமி, கல் கிடைப்பது கஷ்டம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைக் கற்கள் கைக்கு அடக்கமாக, பார்க்கவும் அழகாக இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். பல, பவளப்பாறைத் துண்டுகள். பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. விளையாட எடுத்தேன் என்று வனத்துறையிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஐந்து ஜல்லிக் கல் தருவார்கள். முனை குத்தும், அதனால் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து நன்றாகத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

*புளியங்கொட்டை ஊதுதல்.* கடையில் நிற்கிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆடலாம். ஒரு கைப்பிடி கொட்டையைக் குவித்து வையுங்கள். ஒரே மூச்சில் ஊத வேண்டும். குவியலிலிருந்து சிதறித் தனியாகப் போன கொட்டைகள் ஊதியவருக்கு. சேர்ந்து கிடப்பவை கிடக்கட்டும், அடுத்தவர் ஊதுவார். கொட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நன்றாக ஊத வேண்டுமானால் முதலில் அடிவயிறு வரை மூச்சை இழுக்க வேண்டும். மத்தியானம் முழுக்க மேல்மூச்சிலேயே காலத்தை ஓட்டியவர்களுக்கு அந்த நாலு மூச்சே தெளிவு தரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுங்கள். நிறுத்தாவிட்டால் விசிறிதான் ஜெயிக்கும்.

நேரமே இல்லை என்றால் அதே கொட்டையில் ஒத்தையா ரெட்டையா. கைக்குள் கொஞ்சம் மூடி, ஒத்தையா ரெட்டையா என்று கேட்பது. அரை நிமிடம்.

*நொண்டி.* உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு. சில்லு, பாண்டி என்றும் சொல்வார்கள். அலுவலகத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தளம் இருந்தால் சாக்பீஸ், மணல் என்றால் குதிகாலால் ஒரு இழு. எட்டுக் கட்டம், ஒரு ஓட்டாஞ்சில்லு. மணலில் நொண்டுவது சிமெண்டில் நொண்டுவதைவிட இரண்டு மடங்கு உழைப்பு, கெண்டைக்கால் சொல்லிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சாப்பிட்டு அரை மணிகூட ஆகாதவர்கள் வேண்டாம். துறைமுகத்தில் வேலை என்றால் லாரி வரும் வழியிலோ ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்திலோ எந்த ஆட்டமும் வேண்டாம். அங்கே உப்புத் தண்ணீரும் மீன் செதிலும் கலந்து தரை வழுக்கும்.

*ஓலைக் காற்றாடி.* செய்வதே ஆட்டம். பனை ஓலையில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சிலுவையாக வைத்து, நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியை ஒரு சோளத்தட்டையில் செருகினால் காற்றாடி. முள்ளுக்குக் கவலையே வேண்டாம். சீமைக் கருவேலத்தைச் சபிக்காதவர் இந்த மாவட்டத்தில் இல்லை, அது உதவும் அபூர்வமான இடம் இது. ஓலை நுனிகளை லேசாக எதிரெதிர்ப் பக்கம் முறுக்கிவிட வேண்டும், அப்போதுதான் காற்று பிடிக்கும். ஓட்டை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், இறுகினால் சுற்றாது. வேறு ஊரில் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இங்கே ஆனி, ஆடி மாதங்களில் மொட்டை மாடியில் சும்மா நின்றால் போதும், தென்மேற்குக் காற்று பார்த்துக்கொள்ளும்.

*பெட்டி எண்ணுதல்.* பாம்பன், மண்டபத்தில் இருப்பவர்களுக்கு. பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. கப்பல் வந்தபோதெல்லாம் நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து தூக்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே ஏறுகிறது. ரயில் பாலத்தில் மெதுவாகத்தான் போகும். எத்தனை பெட்டி என்று முதலிலேயே ஆளுக்கு ஓர் எண் சொல்லிவிட்டு எண்ணுங்கள். ரயில் போனதும் ஆட்டம் முடிந்தது. இருபது விநாடிக்கு மேலாகவே கண் தூரத்தில் இருந்திருக்கும். இதற்காகச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே அங்கே சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபிக்கு நிறுத்தி, ஆம்புலன்ஸ் கூட நகர முடியாமல் செய்கிறார்கள். ரயில் தெரியாத ஊரில் படகு இருக்கிறது: அடுத்து கண்ணில் படுவது நாட்டுப் படகா, விசைப்படகா?

*வாயாட்டம்.* "கடலோரத்துல அலை உருளுது புரளுது தத்தளிக்குது தாளம் போடுது." இதை மூச்சு விடாமல் ஐந்து தடவை. மூன்றாவது தடவையில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், வேலை முடிந்தது. தொண்டை களைத்தவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் விடுகதையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமில் சும்மா உட்காரலாம். "நீரில் பிறந்தவன், நீரைக் கண்டால் கரைவான்" என்று எழுதினால் உப்பளத்து ஊரில் ஒரு நொடியில் விடை வரும். வேறு கஷ்டமானதாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கரைக்குப் போவதானால்

வேலை இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போகத்தான் தோன்றும். காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை வேண்டாம். மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். குளிக்கவும் இறங்காதீர்கள். பத்து நிமிடத்தில் கடல் குளியல் முடியாது, பிசுபிசுப்போடு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தால் மிச்ச நாள் நரகம். மண்டபம் போன்ற ஊரில் இரண்டு பக்கமும் கடல் உண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை முரடாக இருக்கும். அடங்கிய கடலிலும் கால் நனைக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடியே நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதை மிதித்தால்தான் குத்தும், அரவம் தெரிந்தால் விலகிப் போய்விடும்.

கரையில் ஆட எனக்குப் பிடித்தது நண்டு ஆட்டம். ஈர மணலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகளும் அவற்றைச் சுற்றிப் புது மணலும் தெரியும். நாலு மணிக்கு மேல் போய், ஓர் ஓட்டையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். அசையக் கூடாது. தரை அதிர்வு அதற்குத் தெரியும். முதலில் இரண்டு கண் மட்டும், கொம்பு வைத்த மாதிரி மேலே வரும். அப்புறம் பாதி உடம்பு. உங்களை ஒரு தடவை எடைபோட்டுவிட்டு, வாரி வைத்திருக்கும் மணலை வெளியே வீசிவிட்டு மறுபடி உள்ளே போகும். யாருடைய நண்டு முதலில் முழுசாக வெளியே வருகிறதோ அவர் ஜெயித்தார். இருமியவர் தோற்றார். நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசித் தீர்த்தவர்களுக்கு, யாரோடும் பேசாமல் நிற்க இது நல்ல சாக்கு.

திரும்பி உள்ளே நுழையும் முன் கையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். கீபோர்டுக்குள் போன மணல் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆறாம் படி: மேலதிகாரியும் கூட்டாளிகளும்

புதிதாக வந்தவர் திடீரென்று கல்லை எடுத்து ஆடினால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். முதல் வாரம் தனியாக, கண்ணில் படாத ஆட்டமாக ஆடுங்கள். மேலதிகாரியிடம் விளையாடப் போகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை, பொய்யும் வேண்டியதில்லை.

"சார், மூணரைக்கு அஞ்சு நிமிஷம் மாடிக்குப் போயிட்டு வந்துடுறேன்."

"எதுக்குப்பா?"

"கண்ணு ரொம்ப எரியுது, சார். போனை டேபிள்லயே வச்சிட்டுத்தான் போறேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். எழுந்து போகிறவர்கள் போனோடு போய் அரை மணி காணாமல் போவார்கள் என்பதுதான் அவர் பயம். நாலு நாள் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் கேட்க மாட்டார். கீழக்கரைக் கடைகளில் முதலாளியைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால் இன்னும் எளிது. "காக்கா, ஒரு ஊது ஊதிப் பாருங்க" என்று கொட்டையை அவர் முன்னாலேயே குவியுங்கள். முதலாளி ஒரு தடவை ஊதிவிட்டால் அப்புறம் அந்தக் கடையில் அது வழக்கம்.

விளையாட வராதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிலருக்கு ஓய்வு என்றால் ஒரு மூலையில் சும்மா உட்காருவது. அவர்களையும் இழுத்து வந்து சிரிக்க வைப்பேன் என்று நிற்பவர்தான் அலுவலகத்தின் பெரிய களைப்பு.

ஏழாம் படி: திரும்பி வருவது

ஆட்டம் முடிந்ததும் தண்ணீர், பிறகு சீட்டு, பிறகு வேலை. சீட்டில் எழுதியதை மட்டும் முதலில் செய்யுங்கள். இடையில் போனைத் திறந்தால் நேரே பழைய இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஒரு வாரம் கழித்து, எந்த ஆட்டத்துக்குப் பிறகு கை சுறுசுறுப்பாக ஓடுகிறது, எதற்குப் பிறகு இன்னும் தூக்கம் வருகிறது என்று பார்த்து, ஒத்து வராததை விட்டுவிடுங்கள். எதை ஆடினாலும் தூக்கம் தீரவில்லை என்றால் ராத்திரித் தூக்கம் போதவில்லை என்று பொருள். அதற்குச் சொட்டாங்கல் மருந்தில்லை, சீக்கிரம் படுங்கள்.

பருவம் பார்த்து

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்தால் மாடியும் கரையும் கிடையாது. ஊதுதல், சொட்டாங்கல், ஆடுபுலி என்று உள்ளே வந்துவிட வேண்டியதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகுகள் கரையில் நிற்கும், வலையும் பெயிண்ட்டுமாகத் துறைமுகமே பட்டறையாக இருக்கும். ஆட்டம் தெரிந்த பெரியவர்கள் கையில் நேரத்தோடு கிடைப்பது அப்போதுதான். டீ நேரத்தில் போய், "அண்ணே, சின்ன வயசுல என்ன வெளையாடுவீங்க?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அரை நாள் போய்விடும், ஆகையால் விடுமுறை நாளில் கேளுங்கள்.

இன்னொன்று, சாமான் பற்றி. புளியங்கொட்டையை வாங்கியதும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். இந்த ஈரக் காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். துளை விழுந்த கொட்டை லேசாகிவிடும், பாதி மூச்சிலேயே பறந்து போகும். அதைத் தன் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஆசாமி ஒருவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. கண் வைத்துக்கொள்ளுங்கள்.